விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு சில மாதங்களாகவே தெரிந்தது. இப்போது நடுவில் உள்ள இரண்டு பற்களில் அது பழுப்பாக மாறியிருக்கிறது. வலி இருப்பதாகத் தெரியவில்லை. இரவில் பாட்டிலில் பால் குடித்தபடியேதான் தூங்குவாள். பல் துலக்கப் போனால் வாயைத் திறக்கவே மாட்டாள். ஊரில் இருக்கும் பல் மருத்துவமனையில் தொலைபேசியில் கேட்டேன். இவ்வளவு சின்னக் குழந்தை ஒத்துழைக்காது, ஐந்து வயதானதும் அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகளுக்கென்று இருக்கும் பல் மருத்துவரிடம் போய்வர ஒரு முழு நாள் ஆகும். அன்றைய சம்பளமும் போகும். விழப்போகிற பல்லுக்கு ஏன் இந்த அலைச்சல் என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா? இது என்னால் வந்த வினையா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

காத்திருக்க வேண்டாம். ஐந்து வயது வரை நிச்சயமாக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான பெற்றோர் பல் உடைந்த பிறகோ, குழந்தை நடு இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகோதான் குழந்தைப் பல் மருத்துவர்களான எங்களிடம் வருகிறார்கள். நீங்கள் வெள்ளைக் கோட்டையே கவனித்திருக்கிறீர்கள். பற்சொத்தையின் முதல் அடையாளம் அதுதான். பலர் அதைப் பால் படிந்திருக்கிறது என்றோ, பல்லின் நிறமே அப்படித்தான் என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கோடு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை, நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் படியும் அழுக்குப் படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான வெளி அடுக்கான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். சாப்பிட்டு அரைமணி நேரத்துக்கு மேல் வாய் ஓய்வாக இருந்தால் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கரைவதும் சேர்வதும் எல்லார் வாயிலும் தினமும் நடப்பவைதான். சேர்வதைவிடக் கரைவது கூடிப்போன இடம்தான் சுண்ணாம்புபோல வெளுத்துத் தெரிகிறது. அங்கே இன்னும் குழி விழவில்லை. அந்தக் கட்டத்தில் பல்லை மீட்டுவிடலாம்.

நடுப் பற்கள் இரண்டும் பழுப்பாகிவிட்டன என்கிறீர்கள். நிறத்தை மட்டும் வைத்துக் குழி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தொட்டால் சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது. வழவழப்பாக, கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் நின்றுபோயிருக்கிறது. அதை ஒரு மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. உள்ளே நரம்பும் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நடப்பது குழந்தைக்குச் சில மாதங்களில் நடந்துவிடும். “ஐந்து வயதாகட்டும்” என்ற பதில் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

உங்களால் வந்த வினையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் எந்தப் பல்லும் பிழைக்காது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகெங்கும் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக மதிப்பிடுகிறது. அத்தனை கோடித் தாய்மாரும் கவனமற்றவர்கள் இல்லை. முதல் பல் முளைத்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு எத்தனையோ முறை மருத்துவரையும் செவிலியரையும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவராவது குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்களா? “என்னால் வந்த வினையா” என்ற கேள்வியை நீங்கள் உங்களைக் கேட்க வேண்டாம். என் போன்றவர்களைக் கேளுங்கள்.

காரணம் என்று பார்த்தால், இரவு பாட்டிலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். விழுங்குவதும் குறையும். உறிஞ்சும்போது நாக்கு கீழ்வரிசைப் பற்களை மூடிக் காத்துக்கொள்கிறது. மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அதனால்தான் உங்கள் மகளுக்கு மேல் பற்களில் மட்டும் கோடு விழுந்திருக்கிறது. சர்க்கரை சேர்த்த பாலோ பழச்சாறோ பாட்டிலில் இருந்தால் சேதம் இன்னும் வேகமாக நடக்கும்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவர் பேத்தியின் மேல் அக்கறை இல்லாமல் சொல்லவில்லை. பால் பல் விழத்தான் போகிறது. ஆனால் எப்போது விழும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. முன்பற்களில் தொடங்கிய சொத்தையை அப்படியே விட்டால் அடுத்துப் பிடிப்பது அந்தக் கடைவாய்ப் பற்களைத்தான். அப்படியானால் நாம் பேசுவது இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகளைப் பற்றி.

அந்த ஆண்டுகளில் சொத்தைப் பல்லோடு வாழும் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. இரண்டரை வயதில் அதற்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாகவே மெல்லும். கெட்டியான உணவை ஒதுக்கும். சாப்பிட அரைமணி நேரம் எடுக்கும். இரவில் எழுந்து அழும். எடை ஏறாது. எங்களிடம் வரும் பெற்றோரில் பலர் “இவன் சாப்பாட்டில் பிடிவாதக்காரன்” என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். பல்லைச் சரிசெய்தபின் அதே பிள்ளை தட்டைக் காலி செய்கிறான்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பால் பல்லின் வேருக்கு அருகிலும் எலும்புக்குள் ஒரு நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் பல் சீழ் பிடித்தால் கீழே வளரும் பல்லின் எனாமல் குறைபட்டு, திட்டுத்திட்டாக வரக்கூடும். கடைவாய்ப் பால் பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாயும். பின்னால் வரும் பல்லுக்கு இடம் இருக்காது. பால் பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிரந்தரப் பல்லிலும் வரும் வாய்ப்பு அதிகம். வாயில் இருக்கும் பாக்டீரியாவும் பழக்கமும் பல்லோடு சேர்ந்து விழுந்துவிடுவதில்லையே.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையை ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர் சங்கங்கள் சொல்லும் கணக்கு. ஒரு வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நாற்காலியே தேவையில்லை.

நானும் தாயும் முழங்காலோடு முழங்கால் முட்டும்படி எதிரெதிரே உட்காருவோம். குழந்தை தாயின் மடியில், அவள் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கால்களையும் அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அமரும். பிறகு மெல்லப் பின்னால் சாய்த்தால் அதன் தலை என் மடிக்கு வந்துவிடும். குழந்தையின் கைகள் தாயின் கைக்குள் இருக்கும். அதன் கண்ணுக்குத் தெரிவது தாயின் முகம். நான் உதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டியுள்ள அழுக்கை ஒரு பஞ்சுத் துணியால் துடைத்து, பல்லை உலரவைத்துப் பார்ப்பேன். ஈரம் போனால்தான் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும். எல்லாம் இரண்டு, மூன்று நிமிட வேலை. குழந்தை அழும், அழட்டும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும். எழுந்து தாயின் தோளில் சாய்ந்த மறுநிமிடம் அழுகை நின்றுவிடும். ஒத்துழைக்காது என்று திருப்பி அனுப்புவதற்கு இது காரணமே இல்லை. இந்த வயதில் ஒத்துழைக்க வேண்டியது குழந்தை அல்ல, நாங்கள்.

உங்களைத் தயங்க வைப்பது தூரமும் செலவும் என்று புரிகிறது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன். குழந்தைப் பல் மருத்துவம் என்றாலே இயந்திரம், ஊசி, மயக்க மருந்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைகளுக்கு இன்று நாங்கள் முதலில் கையிலெடுக்கும் சிகிச்சைகளில் பல, பெரிய வசதிகள் இல்லாத இடங்களிலும் செய்யக்கூடியவை. சிலவோ அப்படிப்பட்ட இடங்களிலேயே பிறந்தவை.

முதலாவது ஃப்ளூரைடு வார்னிஷ். ஃப்ளூரைடு என்பது எனாமலைக் கெட்டிப்படுத்தும் ஒரு தாது. 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு கலந்த பசை போன்ற பொருள். சின்னத் தூரிகையால் பற்களில் தடவிவிட்டால் உமிழ்நீர் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். துளைப்பதில்லை, ஊசி இல்லை. தடவிய பிறகு சில மணி நேரம் மென்மையான உணவு கொடுத்து, அன்றிரவு மட்டும் பல் துலக்காமல் விட்டால் போதும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடவ வேண்டும். உங்கள் மகளின் வெள்ளைக் கோடுகளுக்கு முதல் மருந்து இதுதான். பல நாடுகளில் குழந்தை மருத்துவர்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் தடுப்பூசி போடும் நாளிலேயே இதைத் தடவிவிடுகிறார்கள்.

இரண்டாவது சில்வர் டையமின் ஃப்ளூரைடு, அதாவது வெள்ளியும் ஃப்ளூரைடும் சேர்ந்த திரவ மருந்து. குழி விழுந்துவிட்ட இடத்தில் 38 சதவீதக் கரைசலில் ஒரு துளியை ஏறத்தாழ ஒரு நிமிடம் வைத்திருந்தால் சொத்தை பெரும்பாலும் மேலே பரவாமல் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி வைப்பது நல்லது. இதில் ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்பல்லில் கறுப்பு என்றால் பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும். அது நியாயமான சங்கடம்தான். பிறகு அதன் மேல் பல் நிறத்தில் பூச்சு வைத்து மறைக்கவும் முடியும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையா, கறுத்த பல்லா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் என் வீட்டுக் குழந்தைக்குக் கறுத்த பல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இது உங்கள் முடிவு. வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், சீழ் பிடித்த பல்லுக்கும் இது கூடாது.

மூன்றாவது, துளையிடும் இயந்திரம் இல்லாமல் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் அடைப்பது. 1980-களில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக வளர்த்தெடுக்கப்பட்ட முறை இது. இன்று எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைகளில்கூடச் சின்னக் குழந்தைகளுக்கு இதையே செய்கிறோம். சத்தமில்லாததால் குழந்தை மிரளாது.

கடைவாய்ப் பல்லில் சொத்தை வந்தால் இன்னொரு வழியும் உண்டு. சொத்தையைச் சுரண்டாமலே, ஊசியும் போடாமல், பொருத்தமான அளவில் ஓர் எஃகு உறையைச் சிமெண்ட் தடவிப் பல்லின் மேல் மாட்டிவிடுவது. உள்ளே அடைபட்ட பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கிடைக்காததால் நோய் நின்றுபோகிறது. இதற்கு ஹால் முறை என்று பெயர். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் தன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் செய்துவந்ததை ஆய்வாளர்கள் பரிசீலித்து 2006-இல் வெளியிட்டார்கள். அவர் குழந்தைப் பல் நிபுணர் அல்ல. பொதுப் பல் மருத்துவர். உங்கள் ஊர் மருத்துவருக்கும் இது எட்டாத வித்தை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ஃப்ளூரைடு பற்பசை, சில்வர் டையமின் ஃப்ளூரைடு, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் ஆகியவற்றைச் சேர்த்தது. குழந்தைகளுக்கான பட்டியலிலும் இவை இருக்கின்றன. எந்த நாட்டிலும் அடிப்படை மருத்துவத்தோடு கிடைக்க வேண்டியவை இவை என்பதே அதன் பொருள். கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே தொலைபேசியை மறுபடி எடுங்கள். “என் குழந்தைக்குச் சிகிச்சை செய்வீர்களா?” என்று கேட்டால், பல்லை நிரப்புவதை மனதில் வைத்து இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “இரண்டரை வயதுக் குழந்தை. முன்பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்பும் இருக்கிறது. மடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஃப்ளூரைடு வார்னிஷ் தடவ முடியுமா? சில்வர் டையமின் ஃப்ளூரைடு வைத்திருக்கிறீர்களா?” வரவேற்பில் இருப்பவர் தெரியாது என்றால் மருத்துவரிடமே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அங்கும் முடியாவிட்டால் உங்கள் குழந்தை மருத்துவரிடமும், தடுப்பூசி போடும் சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவில் இருந்தால் அங்கே குழந்தைகளுக்கெனத் தனித் துறை இருக்கும். கட்டணமும் பொதுவாகக் குறைவு.

நகரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு நாள் வீணாகாதபடி போங்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம், உதட்டைத் தூக்கிப் பிடித்து மூன்று படம் எடுங்கள்: முன்பற்கள் நேராக, பிறகு வாயை அகலத் திறந்து மேல்வரிசை, கீழ்வரிசை. முடிந்தால் முன்கூட்டியே மருத்துவருக்கு அனுப்பிவையுங்கள். பார்ப்பதையும் வார்னிஷையும், தேவைப்பட்டால் சில்வர் மருந்தையும் ஒரே வருகையில் முடித்துத் தரக் கேளுங்கள். திரும்பும் முன் என்ன செய்தார்கள், அடுத்து எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். அந்தக் குறிப்பைக் கொண்டு அடுத்த வார்னிஷை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ள முடியலாம். குழந்தையின் தூக்க நேரத்தைத் தவிர்த்துக் காலை வேளையைக் கேட்பது நல்லது.

முழு மயக்கத்தில் எல்லாப் பற்களையும் ஒரே நாளில் சரிசெய்யும் சிகிச்சை சில குழந்தைகளுக்குத் தேவைப்படத்தான் செய்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் அந்தக் கட்டத்தில் இல்லை. அங்கே போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இத்தனையும். அந்தச் சிகிச்சை முடிந்த குழந்தைகளிலும் வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் சொத்தை திரும்ப வருகிறது.

அதனால் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் பாதி வெற்றி உங்கள் கையில்.

பல் துலக்குவதில் குழந்தை வாயைத் திறப்பதில்லை என்றீர்கள். நின்றுகொண்டு, முகத்துக்கு நேரே பிரஷை நீட்டினால் எந்தக் குழந்தையும் உதட்டை இறுக்கிக்கொள்ளும். கட்டிலிலோ தரையிலோ நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் மடியில் இருக்கும்படி படுக்க வையுங்கள். நீங்கள் பின்னாலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலால் மேல் உதட்டைத் தூக்குங்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சதை மடிப்பு ஒன்று தெரியும். பிரஷின் பிளாஸ்டிக் விளிம்பு அதில் இடித்தால் குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கும். பல குழந்தைகள் பிரஷைக் கண்டாலே ஓடுவதற்குப் பெரியவர்கள் கவனிக்காத காரணம் இது. அந்த மடிப்பின் மேல் உங்கள் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். உங்கள் மகளுக்கு வெள்ளைக் கோடு இருப்பதும் அந்த இடத்தில்தான். பிறகு பின்பற்கள், கன்னத்தின் உட்புறம் வழியாக. முதல் வாரம் அழுகை இருக்கும். ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் எதிர்ப்பு குறையும். அவள் கையில் இன்னொரு பிரஷைக் கொடுத்துவிடுங்கள், விளையாடட்டும். ஆனால் உண்மையான துலக்கல் உங்கள் கையால்தான் நடக்க வேண்டும். ஏழு, எட்டு வயது வரை அதைக் குழந்தையிடம் ஒப்படைக்காதீர்கள்.

பற்பசை வாங்கும்போது அட்டையில் ஃப்ளூரைடு அளவைப் படியுங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு; அட்டையில் ppm என்று இருக்கும்) அல்லது சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கானது என்று படம் போட்டு விற்பவற்றில் சிலவற்றில் ஃப்ளூரைடே இருப்பதில்லை. மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறது. அரிசி மணி அளவுப் பசையில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் ஃப்ளூரைடு மட்டுமே இருக்கும். மேலதிக நுரையைத் துடைத்துவிட்டால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்க வேண்டாம், பல்லில் கொஞ்சம் ஒட்டியிருப்பதுதான் பயன். உங்கள் பகுதிக் குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதாகச் சொல்லப்பட்டால் மட்டும் பசையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு பாட்டிலை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மூன்று, நான்கு இரவுகள் வீடே தூங்காது. ஒரே நாளில் நிறுத்தும் துணிவு உங்களுக்கு இருந்தால் அது விரைவான வழி. இல்லையென்றால் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரத்தில் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கும், அதற்காக எழுவதை அவளே விட்டுவிடுவாள். இரவுப் பாலைத் தம்ளரில், படுக்கைக்கு வெளியே, விளக்கு எரியும்போதே கொடுங்கள். பால், பிறகு பல் துலக்கல், பிறகு கதை, பிறகு தூக்கம். துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு நடு இரவுப் பால் பசிக்காகத் தேவைப்படுவதில்லை; அது ஆறுதல். அந்த ஆறுதலை வேறு விதமாக, முதுகைத் தட்டிக் கொடுத்தோ பக்கத்தில் படுத்தோ நீங்கள் தர முடியும். இதில் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். நள்ளிரவில் அழுகை தாங்காமல் ஒருவர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பகலில் இனிப்பை அறவே ஒழிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதைக் கவனியுங்கள். ஒரு பிஸ்கட்டை அரைமணிக்கு ஒரு கடியாக நாள் முழுதும் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் குழந்தையின் பல்லுக்கு உமிழ்நீரின் ஓய்வு நேரமே கிடைப்பதில்லை. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, இடையில் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். இருமல், காய்ச்சலுக்கான இனிப்புச் சிரப்புகளையும் மறந்துவிடாதீர்கள். கொடுத்தபின் வாயைத் துடைத்துவிடுங்கள்.

உங்கள் வாயிலும் சொத்தை இருந்தால் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் உமிழ்நீர் வழியாகத்தான் அதன் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. அதற்காகக் குழந்தையைக் கொஞ்சாமல் இருக்கச் சொல்ல மாட்டேன்; ஒரே கரண்டியை இருவர் வாயிலும் வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தாய்மார் தங்கள் பல்லைக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள், இந்த ஒரு விஷயத்திலாவது வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குப் பயண நாள் பார்க்கவே கூடாது. ஈறில் கொப்புளம்போல வீக்கம் தெரிந்தாலோ, வலியால் தூக்கம் கெட்டாலோ ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பாருங்கள். கன்னமோ கண்ணுக்குக் கீழோ வீங்கினால், அதோடு காய்ச்சல் இருந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டு எச்சில் வழிந்தால், அந்த நேரமே அருகில் உள்ள எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்காவது போங்கள். பல் மருத்துவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம். வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது, குழந்தைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்தை உண்டாக்கலாம். ஈறை மரத்துப்போக வைக்கத் தடவும் பென்சோகெயின் களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. உங்கள் மகளுக்கும் அதை மருத்துவர் சொல்லாமல் தடவாதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து வீக்கம் வடிந்துவிட்டால் பல் குணமாகிவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். பல்லுக்குச் சிகிச்சை செய்யாதவரை அது திரும்ப வரும்.

மாமியாரிடம் வாதாடிப் பயனில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே குழந்தையை அவர் மடியில் படுக்க வைத்து, நீங்கள் உதட்டைத் தூக்கி அந்தப் பழுப்பை அவருக்குக் காட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தை அவரிடம்தான் இருக்கிறது என்றால், காலைத் துலக்கலை அவர் பொறுப்பில் விடுவதுகூட நல்லதுதான். அரிசி மணி அளவை நீங்களே ஒரு முறை பிரஷில் வைத்துக் காட்டிவிடுங்கள். மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துப் போக முடிந்தால் பாட்டிலை நிறுத்தும் இரவுகளில் வீட்டில் உங்களுக்கு ஒரு துணை இருக்கும்.

இந்த வாரத்துக்குள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வார்னிஷ் தடவ ஆள் கிடைக்கவே இல்லை என்றால் நீங்கள் எடுத்த மூன்று படங்களையும் அனுப்பி மறுபடி எழுதுங்கள். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது. ஆனால் நகரப் பயணத்தை எத்தனை நாளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையாவது என்னால் சொல்ல முடியும்.